பதினான்கு பேர் வாழ்த்தும் ரீட்டா

அத்தியாயம் 17

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் பெரியோர்களும் தாய்மார்களும், அவர்களுடைய ஆடு மாடு கோழிகளும், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் கல்வி வரலாற்றில் இதுவரை நடக்காத ஒரு மகத்தான சாதனை, வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, ராயப்பன்பட்டி பஸ் நிறுத்தத்தில், எட்டடி உயரம் பத்தடி அகலத்தில் நாட்டு மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சாதனையாளரின் பெயர் ரீட்டா. வயது நாற்பத்திரண்டு. அவர் இன்னும் பரீட்சை எழுதவில்லை.

இந்த ஒரு விவரத்துக்கு மட்டும் பிளெக்ஸில் இடம் போதவில்லை. மற்றதெல்லாம் தாராளமாக இருந்தது. நீல வானம். இரண்டு வெள்ளைப் புறா. துபாயிலோ சிங்கப்பூரிலோ யாரோ கட்டிய கண்ணாடி ஆஸ்பத்திரி. அதற்கு முன்னால் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக ஒரு பெண் வலது பக்கம் திரும்பி நின்றாள். அவள் கழுத்துக்கு மேலே, இடது பக்கம் பார்த்தபடி, கொழுந்தன் கல்யாணத்தில் எடுத்த ரீட்டாவின் தலை, மல்லிகைப்பூ சகிதம்.

‘செவிலியர் பட்டம் வென்று மண்ணின் பெருமையை விண்ணுக்கு உயர்த்திய எங்கள் குலவிளக்கே!’ என்று மேலே. ‘செவிலியர் ரீட்டா மிக்கேல்’ என்று நடுவில். அடியில் பதினான்கு வட்டங்களுக்குள் பதினான்கு ஆண்கள். பதினோரு பேர் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்கள். ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். எல்லோரையும்விட இரண்டு மடங்கு பெரிய வட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர் மிக்கேல், சாதனையாளரின் கணவர்.

பால் வாங்க வந்த ரீட்டா தூக்குவாளியோடு அப்படியே நின்றாள்.

“வாங்க டாக்டரம்மா!” என்றார் டீக்கடை சுருளிராஜன். பதினான்கில் மூன்றாவது வட்டம் அவர். “நேத்திலிருந்து தலை கிறுகிறுங்குது. ஒரு ஊசியப் போட்டுவிட்டீகன்னா கடைய நிம்மதியா நடத்துவேன்.”

“நான் ஊசி போடக்கூடாதுண்ணே.”

“போடக்கூடாதா, போடத் தெரியாதா?”

“ரெண்டுந்தேன்.”

“பின்ன ஒரு வருசமா என்னத்தப் படிச்சீக?”

“படுக்கையில கெடக்கவுகளப் பொரட்டிவிடுறது, குளிப்பாட்டுறது, சோறூட்டுறது, காய்ச்சல் பாத்து எழுதி வைக்கிறது.”

“இதையெல்லாம் எங்க வீட்டுல அவ இருவது வருசமாப் பண்றா. ஒருத்தரும் சர்ட்டிபிகேட் குடுக்கலையே!”

“நீங்க குடுத்திருக்கணும்ண்ணே” என்றாள் ரீட்டா. பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்கும், படித்துவிட்டு நிம்மதியாக மறந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரீட்டா பதினோரு வருடம் ஏலத்தோட்ட ஜீப்பில் போய் வந்தவள். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பெண்கள் ஏறி, கம்பம் மெட்டு வளைவுகளில் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து, கேரளத்தில் இறங்கி, நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டுத் திரும்புவது. போன வருடம் ஒரு வளைவில் ஜீப் படுத்துக்கொண்டது. எல்லோரும் எழுந்து புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். ரீட்டாவின் இடுப்பில் மட்டும் ஒரு வலி குடியேறிவிட்டது.

அந்த வலியோடுதான் அவள் உத்தமபாளையத்தில் புதுவாசல் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாள். நோயாளிப் பராமரிப்பு உதவியாளர், ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. வகுப்புகள் முடிந்துவிட்டன. பரீட்சை அடுத்த மாதம்.

போன வாரம் ஜீப் ஓட்டும் கர்ணன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். “திங்கக்கெழமை சீசன் ஆரம்பம் மதினி. வாறீகளா இல்லையான்னு சனிக்கெழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லீருங்க. பெறகு சீட்டு இல்லைன்னு எம்மேல வருத்தப்படக் கூடாது.”

இன்று தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இந்தப் படிப்புக்காரர்களில் இரண்டே பேரை வேலைக்கு எடுக்கிறது. நேர்காணல் பதினொன்றரைக்கு. கிடைத்தால் தினமும் தேனி பஸ். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஜீப். விஷயம் அவ்வளவுதான்.

வீட்டில் மிக்கேல் கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சீவிக்கொண்டிருந்தார். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுவது அவர் தொழில். விழாக் கமிட்டியில் இருப்பது அவர் வாழ்க்கை. பிளெக்ஸ் இல்லாத நிகழ்ச்சி நடந்ததாகவே அவர் கணக்கில் சேராது.

“பாத்தியா? எப்புடி?” என்றார், திரும்பாமலே.

“பரீட்சையே எழுதலையேங்க.”

“எழுதத்தான போற? எழுதுன பெறகு எல்லாருந்தேன் வைப்பாக. முன்னாலயே வைக்கிறவந்தேன் புருசன்.”

ஒரே மகன் பெனடிக்ட் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தான். இருபத்து நான்கு வயது. அதே புதுவாசலில் செல்போன் பழுது நீக்கல், ஏசி மெக்கானிக், டிடிபி என்று மூன்று சான்றிதழ் வாங்கியவன். ஒரே ஆள் மூன்று வகுப்பில் உட்கார்ந்தால் கல்லூரிக் கணக்கில் மூன்று மாணவர்கள் என்பதால் அவனை அங்கே எல்லோருக்கும் பிடிக்கும். இப்போது சின்னமனூரில் பிளெக்ஸ் கடையில் இருக்கிறான். அம்மாவின் தலையை அந்த உடம்பில் ஒட்டியவன் அவனே.

“அப்பா நர்ஸ்னு போடச் சொன்னாருமா. நான் அசிஸ்டெண்டுன்னு போட்டேன். அசிஸ்டெண்டுன்னா கெத்தா இல்லையாம்.”

ரீட்டா பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஏசுதாசன். புதுவாசல் சமுதாயக் கல்லூரியின் நிறுவனர், தாளாளர், முதல்வர். மூன்று பதவியும், உரக்கடைக்கு மேல் மாடியில் உள்ள இரண்டே அறைகளுக்கு. மேடை இல்லாதபோதும் அவர் மேடையில்தான் நின்று பேசுவார்.

“ரீட்டா அம்மையார்! நம் கல்லூரியின் மாண்பு இன்று காலை ஆறு மணி பதினாறு நிமிடத்திற்குக் காற்றில் பறந்தது.”

“சார், அது வந்து…”

“உங்கள் கணவர் அந்தப் பதாகையைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் பதிவிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரி நர்சிங் சூப்பிரண்ட் மேடமும் அதே குழுவில் இருக்கிறார்கள். ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு படித்துவிட்டுச் செவிலியர் என்று விளம்பரம் செய்கிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவேன் என்கிறார்கள். நியாயம்தானே? ஒன்பது மணிக்குள் அது இல்லாத புகைப்படம் எனக்கு வர வேண்டும். இல்லையேல் உங்கள் பெயரைக் கனத்த இதயத்தோடு பட்டியலிலிருந்து நீக்குவேன்.”

மணி ஏழே முக்கால்.

ரீட்டா போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். மிக்கேலின் மீசை பாதி சீவப்பட்ட நிலையில் நின்றது.

“பெருமைக்குத்தேன் குரூப்புல போட்டேன்” என்றார்.

“எறக்குங்க.”

“எறக்கலாம். ஆனா…”

ஆனால் என்னவென்பது பஸ் நிறுத்தத்தில் தெரிந்தது. பிளெக்ஸில் படம் கொடுப்பது ஊரில் மொய் எழுதுவதைப் போன்றது. கொடுத்தவர் முகம் குறைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நாலு பேர் கண்ணில் பட வேண்டும். வெள்ளிக்கிழமை ஏற்றி வெள்ளிக்கிழமையே இறக்கினால், அது அந்தப் பதினான்கு முகத்தையும் செருப்பால் அடித்ததற்குச் சமம். அடுத்த திருவிழாவுக்கு ஒருத்தரும் பந்தல்கால் பிடிக்க வரமாட்டார்கள்.

“ஏ மிக்கேலு, எம் படம் இன்னும் ஒரு வெயிலக்கூடப் பாக்கலையப்பா!” என்றார் சுருளிராஜன். “ஞாயித்துக்கெழம மயிலாடும்பாறையிலருந்து மச்சினன் வாறான். அவன் மட்டும் அங்கன அஞ்சு பிளெக்ஸுல இருக்கான். நான் இங்கன ஒண்ணுலகூட இல்லைன்னு பத்து வருசமா நக்கலு. இத எறக்குனா நான் மனுசனா?”

“அண்ணே, எனக்கு வேலை போயிரும்.”

“வேலை இன்னைக்குப் போனா நாளைக்கு வரும் தங்கச்சி.”

“ஜீப்புலதேன் வரும்.”

வட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பாதிப் பேரை அடையாளமே தெரியவில்லை. பெனடிக்ட், செவிலியர் என்ற எழுத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டலாம் என்றான். எழுத்தை மறைத்தால் கோட்டு இருக்கிறதே என்றார் ஒருவர். கோட்டை மறைத்தால் ஸ்டெதாஸ்கோப் தொங்குமே என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள், எதற்கும் ஒரு கூட்டம் போட்டு முடிவெடுக்கலாம் என்றார். மிக்கேல் அதை ஆதரித்தார்.

மணி எட்டரை.

ரீட்டாவுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். டீக்கடைக்குப் பக்கத்தில் திராட்சைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், குலை நறுக்கும் கத்தரியைக் கேட்டு வாங்கினாள். டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். இடுப்பு சுருக்கென்றது.

“ஏ, என்னத்தப் பண்ற?” என்றார் மிக்கேல்.

“ஒங்க பதினாலு பேரையும் ஒருத்தரும் எறக்க மாட்டாக” என்றாள் ரீட்டா. “நான் எறங்கிக்கிறேன்.”

மேல் வரியை வெட்டினாள். நடு வரியை வெட்டினாள். வெள்ளைக் கோட்டைச் சுற்றி வெட்டும்போது கத்தரி கொஞ்சம் முரண்டு பிடித்தது. கடைசியாகத் தன் தலையை, மல்லிகைப்பூவோடு, வெட்டி எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

மிச்சம் இருந்தது: நீல வானம், இரண்டு புறா, நடுவில் ஆளுயர ஓட்டை, ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த திராட்சைப் பந்தல். கீழே பதினான்கு பேர் அந்தப் பந்தலை மனமார வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

சுருளிராஜன் நாலு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தார். “இப்பத்தேன் நம்ம படம் பளிச்சினு தெரியுது” என்றார். அனைவரும் ஆமோதித்தார்கள்.

பெனடிக்ட் போட்டோ எடுத்து ஏசுதாசனுக்கு அனுப்பினான். எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கைகூப்பிய பொம்மையும் ஒரு ரோஜாப்பூவும் பதிலாக வந்தன. கூடவே: ‘மாண்பு காக்கப்பட்டது.’

தேனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீரபாண்டி தாண்டும்போது கர்ணன் கூப்பிட்டான். “மதினி, பிளெக்ஸப் பாத்தேன். அப்ப ஒங்க சீட்ட அக்கம்மாளுக்குக் குடுத்துரவா?”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்னுதான சொன்ன?”

“சொன்னேன். ஓட்டை போட்டதுக்கு முன்னால எடுத்த போட்டோவத்தேன் மதினி பாத்தேன்.”

“நாளைக்குச் சொல்றேன்” என்று வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஏழு பேர் பாடக் குறிப்பை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ரீட்டா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நர்சிங் சூப்பிரண்ட் மகாலட்சுமி, முப்பது வருடம் நின்றே பழகிய கால்களோடு வந்து, முதல் வேலையாக அவளைத்தான் கேட்டார். “அந்த பிளெக்ஸ் நீங்களா?”

“நான் இல்ல மேடம். என் தலை மட்டும்.”

மகாலட்சுமி சிரிக்கவில்லை. ஆனால் கையிலிருந்த பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார்.

கேள்வி பதில் என்று ஒன்றும் நடக்கவில்லை. எட்டுப் பேரையும் மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு கட்டிலைக் காட்டினார். கட்டிலில் மொக்கம்மாள். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். எடை எண்பது கிலோ. குரல் அதற்கு மேல்.

“இந்தம்மாவை எறக்காம பெட்ஷீட் மாத்தணும்” என்றார் மகாலட்சுமி.

முதலில் போன பெண், படுக்கைப்புண் வராமல் தடுக்கும் ஆறு வழிமுறைகளை ஒப்பித்துவிட்டுத் துணியை உருவினாள். “ஏ ஆத்தா! நான் என்ன பூண்டு மூட்டையா?” என்று மொக்கம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த இரண்டு பேர் கட்டிலைச் சுற்றி வந்ததோடு சரி.

ரீட்டா கையைக் கழுவிவிட்டு வந்தாள். “எந்தப் பக்கம்மா ஆபரேசன்?”

“இப்பவாச்சும் கேக்குறாளே ஒருத்தி! வலப்பக்கம்.”

“நான் இடப்பக்கமாத் திருப்பப் போறேன். காலு ரெண்டுக்கும் நடுவுல தலகாணி வைக்கிறேன். நான் சொல்றப்ப மூச்ச விடுங்க, புடிச்சு வைக்காதீக.”

“திருப்புவியா, உருட்டுவியா?”

“திருப்புவேன்.”

இன்னொரு பெண்ணைக் காலைப் பிடிக்கச் சொன்னாள். முழங்காலை மடக்கி, பாரத்தைத் தொடையில் வாங்கினாள். இடுப்பால் தூக்காதே என்பது படிப்பில் சொல்லிக்கொடுத்தது. ஏன் என்பது ஜீப் சொல்லிக்கொடுத்தது. எட்டு மாதமாகத் தினமும் வேலை முடிந்து வந்த மிக்கேலை நோயாளியாகப் படுக்கவைத்துத் திருப்பித் திருப்பிப் பழகிய கை. அவரும் நடுவில் தூங்கிப்போகும் அளவுக்கு ஒத்துழைத்தார். பழைய துணி சுருண்டு முதுகோரம் போனது, புதியது விரிந்தது, மொக்கம்மாள் மறுபடி மல்லாந்தபோது துணியில் ஒரு மடிப்பு இல்லை.

“முடிஞ்சிருச்சா?” என்றார் மொக்கம்மாள், ஏமாற்றத்தோடு. திட்டுவதற்கு ஒரு வசவு தயாராக வைத்திருந்திருப்பார் போல. “இவளையே வச்சுக்கங்க. மத்ததுகள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க.”

இரண்டு மணிக்கு மகாலட்சுமி தன் அறையில் இரண்டு பெயர் வாசித்தார். முதல் பெயர் ரீட்டா.

“பரீட்சை ரிசல்ட் வர்ற வரைக்கும் டிரெய்னிங்ல இருப்பீங்க. பாஸானா நிரந்தரம்” என்றார். “பரீட்சைக்குப் பதிவான நம்பர் ஒண்ணு குடுத்திருப்பாங்க. அத மட்டும் எழுதிக் குடுங்க, பைலை முடிச்சிருவேன்.”

“எங்களுக்கு இன்னும் நம்பர் வரல மேடம். விண்ணப்பப் பாரத்துல கையெழுத்து வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. காலேஜ்ல இருக்கும்.”

“திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு நம்பரோட வாங்க. நம்பர் இல்லாம உள்ள எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. அடுத்த பேரு லிஸ்ட்ல இருக்கு.” பைலை மூடிக்கொண்டே, “நீங்க வந்தா எனக்கும் நல்லது” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் மிக்கேல் மொபெட்டோடு நின்றார். கடலைமிட்டாய் வாங்கி வைத்திருந்தார்.

“கெடச்சிருச்சாம்ல! பெனடிக்ட் சொன்னான்.” கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைத் துடைத்தார். “பிளெக்ஸு விசயத்துல கோவமா இருக்கியா?”

“பசிக்குது.”

“மிட்டாயத் தின்னு. பெறகு திட்டு.”

“காலேஜுக்கு விடுங்க. சாருட்ட நம்பர் வாங்கணும்.”

மாடிப்படியில் உரக்கடை மருந்து நெடி கூடவே ஏறி வந்தது. ஏசுதாசன் அறையில் நான்கு சுவரிலும் அவர் பொன்னாடை வாங்கும் படங்கள். அந்தக் கல்லூரியில் எதுவும் விழா இல்லாமல் நடந்ததில்லை. தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றியதற்கே குத்துவிளக்கு ஏற்றியவர்.

“வாருங்கள், வாருங்கள்! புதுவாசலின் புதல்வி!” என்று எழுந்தார். “மேடம் தொலைபேசியில் பேசினார்கள். உங்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கப் போகிறோம்.”

“சந்தோசம் சார். பரீட்சை நம்பர் வேணும். திங்கக்கெழமை குடுக்கணும்.”

“நம்பர்.” ஏசுதாசன் உட்கார்ந்தார். “நம்பர் என்பது ஒரு எண் அம்மையார். ஒரு மனிதரை எண்ணால் அளக்க முடியுமா?”

“ஆஸ்பத்திரியில அப்படித்தேன் சார் அளக்குறாக.”

அவர் மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டை இடமிருந்து வலமாக நகர்த்தினார். பிறகு வலமிருந்து இடமாக. கடைசியில் எழுந்து இரும்பு பீரோவைத் திறந்து, ஜரிகை ரிப்பன் கட்டிய ஒரு கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். இருபத்து மூன்று விண்ணப்பங்கள். மேலாக இருந்தது ரீட்டாவுடையது. மூலையில் அவள் போட்டோ, கீழே அவள் கையெழுத்து.

“அனுப்பலையா சார்?”

“சும்மா தபாலில் போட்டு அனுப்பினால் அதற்கு என்ன மரியாதை? விண்ணப்பங்களைக் கொடியசைத்து வழியனுப்பும் விழா என்று ஏற்பாடு செய்திருந்தேன். தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியும் செய்யாதது. சிறப்பு விருந்தினர் முதலில் குறித்த தேதியில் பேரனுக்குக் காதுகுத்து என்றார். இரண்டாவதாகக் குறித்த தேதியில் அவருக்கு மூட்டுவலி. மூன்றாவது தேதியை அவரே மறந்துவிட்டார். பெரிய மனிதர், விட்டுவிட்டு நடத்த முடியுமா?”

மிக்கேல் அந்த ரிப்பனைத் தொட்டுப் பார்த்தார். “ஏற்பாடு நல்லாத்தேன் பண்ணீருக்கீக சார்” என்றார், தன்னையறியாமல். ரீட்டா திரும்பிப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“கவலை வேண்டாம்” என்றார் ஏசுதாசன். “விழா நிச்சயம் நடக்கும். மேடைக்குச் சொல்லியாகிவிட்டது. நீங்களே ஏற்புரை வழங்குவீர்கள்.”

ரீட்டா தன் விண்ணப்பத்தை உருவி எடுத்தாள். படிக்கப் பொறுமையில்லாமல் கையெழுத்துப் போட்ட தாள். இப்போது முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். பெயர். தந்தை அல்லது கணவர் பெயர். பாடப்பிரிவு. முகவரி. அடியில், பொடி எழுத்தில், ஒரு வரி.

விண்ணப்பங்கள் வந்து சேர வேண்டிய கடைசி நாள் முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.